பிரிட்டனிலும் தென் ஐரோப்பாவிலும் இயற்கை எழில் காணச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்வதா, எந்த மாதம் என்று முடிவு செய்வதா?

மாதத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள் அந்த ஊரைத் திணிக்கப் பார்க்கிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் ஜூன் இறுதியில் ஏறத்தாழ 18 மணி நேரம் பகல் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் இறுதியில் அது ஆறரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஊர் ஒன்றுதான் என்றாலும் பயணம் ஒன்றல்ல. மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தால் இரு பகுதிகளில் எதற்கும் தயங்காமல் செல்லலாம். ஜூலை, ஆகஸ்ட் மட்டுமே கிடைத்தால் பிரிட்டனுக்கோ, தென் ஐரோப்பாவின் மலைப்பகுதிகளுக்கோ செல்வது நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் போர்ச்சுகல் தீவான மதெய்ராவையும் தென் ஸ்பெயினின் ஆண்டலூசியாவையும் தவிர வேறு எதையும் நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டனில் எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மேற்குக் கரையோர மலைகளில் மோதி மேலெழும்போது மழையாகக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே செல்கிறது. அதனால் லண்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழைதான் பெய்கிறது, வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் உள்ள சீத்வெய்ட் என்ற சிற்றூரிலோ 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், அழகான மலைகளும் ஏரிகளும் பெரும்பாலும் அந்த ஈரமான மேற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மழையைத் தவிர்க்க வேண்டும் என்றால் அழகையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் அது நாள் முழுவதும் விடாமல் அடிக்கும் மழையாக இருப்பது குறைவு. அரை மணி நேரம் தூறும், வெறிக்கும், மறுபடி தூறும். நான் ஒரு அக்டோபர் காலையில் அதே லேக் டிஸ்ட்ரிக்ட்டின் டெர்வென்ட்வாட்டர் ஏரியின் படகுத்துறையில் நின்றபோது, எதிர்க்கரையே தெரியாத அளவுக்கு மூடுபனி கவிந்திருந்தது; படகோட்டி மட்டும் கவலையில்லாமல் இருக்கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் பனி அடியிலிருந்து மெல்லக் கிழிந்தது. முதலில் தண்ணீர்க் கோடு, பிறகு பழுப்பேறிய பெரணிகள் மூடிய சரிவு, கடைசியாக மலையின் உச்சி தெரிந்தது. இருபது நிமிடத்தில் மறுபடி மூடிக்கொண்டது. ஒரே நாளில் வந்து பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பேருந்துக்காரர்களுக்கு அந்த இருபது நிமிடம் வாய்த்தால் அதிர்ஷ்டம். நான்கு இரவு தங்குபவருக்கு அது எப்படியும் வாய்க்கும்.

முதன்முறை செல்பவர் பிரிட்டனில் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்?

பிரிட்டனில் மொத்தம் 15 தேசியப் பூங்காக்கள் உள்ளன: இங்கிலாந்தில் 10, வேல்ஸில் 3, ஸ்காட்லாந்தில் 2. இவை வேலியிட்ட காடுகள் அல்ல. ஊர்கள், ஆட்டுப் பண்ணைகள், தேநீர்க் கடைகள் எல்லாம் அடங்கிய, மக்கள் வாழும் நிலப்பகுதிகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதன்முறை செல்பவருக்கு, குறிப்பாகக் கார் ஓட்டாதவருக்கு, லேக் டிஸ்ட்ரிக்ட்டையே சொல்வேன்.

1951இல் தேசியப் பூங்காவாகவும் 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியில், பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவிலிருந்து நாற்புறமும் விரிகின்றன. பெரும்பாலானவற்றில் ஓர் ஏரி நீண்டு கிடக்கிறது. இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீட்டர்தான். ஆகவே இமயத்தையோ ஆல்ப்ஸையோ மனத்தில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. இங்கே மலைகள் உயரத்தால் மிரட்டுவதில்லை. தண்ணீர், கல்வேலி, புல்சரிவு, மேகம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் நெருக்கம்தான் இதன் அழகு.

தங்குவதற்கு விண்டர்மியரைவிடக் கெஸ்விக் நகரமே சிறந்தது என்பது என் கருத்து. விண்டர்மியருக்கு ரயில் உண்டு என்பதால் கூட்டமும் அங்கேதான் இறங்குகிறது. கெஸ்விக்குக்கு ரயில் இல்லை. லண்டனிலிருந்து பென்ரித் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். ஊரிலிருந்து பத்து நிமிட நடையில் டெர்வென்ட்வாட்டர் வந்துவிடும். ஏரியைச் சுற்றிவரும் சிறு விசைப்படகுகள் பல துறைகளில் நின்று செல்வதால், ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக நடந்து, அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். சற்றுத் தெம்புள்ளவர்கள் 451 மீட்டர் உயரமுள்ள கேட்பெல்ஸ் குன்றில் ஏறலாம். உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு இடங்களில் கையூன்றி ஏற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் இன்னும் அழகு என்கிறார்களே?

அழகுதான், ஆனால் அது கேட்கும் விலையும் அதிகம். தொலைவுகள் நீளம், பேருந்துகள் குறைவு, தங்குமிடங்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடுகின்றன. லண்டனிலிருந்து மூன்று நாளில் ஸ்கை தீவைப் பார்த்துவர முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும், ஆனால் பாதி நாள் சாலையைத்தான் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வாரமாவது ஒதுக்க முடிந்தால் மட்டும் செல்லுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ஹைலண்ட்ஸ் மலைகளுக்கு நடுவே விழித்து ஃபோர்ட் வில்லியத்தில் இறங்கலாம். அங்கிருந்து மல்லெய்க் துறைமுகம் வரை செல்லும் பாதை 1901இல் திறக்கப்பட்டது; வழியில் 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபின்னன் பாலத்தின் மீது ரயில் வளைந்து திரும்பும்போது, ஒரு பக்கத்தில் ஷீல் ஏரி விரிந்து தெரியும். புகழ்பெற்ற நீராவி ரயிலுக்கு இடம் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அதே தண்டவாளத்தில் வழக்கமான பயணிகள் ரயிலும் ஓடுகிறது, கட்டணமும் குறைவு. மல்லெய்க்கிலிருந்து ஸ்கை தீவுக்குப் படகு உண்டு.

மிட்ஜ் என்ற பொடிப்பூச்சியைப் பற்றி யாரும் சொல்லாமல் விடுவதால் நான் சொல்கிறேன். மே இறுதி முதல் செப்டம்பர் வரை, காற்றடிக்காத ஈரமான மாலை வேளைகளில் இவை மேகம்போல் மொய்த்துக் கடிக்கும். நோய் எதையும் பரப்புவதில்லை. ஆனால் ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்தி பார்க்கும் ஆசையை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடும். ஏப்ரல் இறுதியிலும் மே முதல் பாதியிலும் சென்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. அந்த மாதங்களில் மழையும் ஒப்பீட்டளவில் குறைவு.

மலை வேண்டாம், கடற்கரைதான் வேண்டும் என்றால்?

பிரிட்டனின் கடற்கரையைக் குளிப்பதற்கு என்று நினைக்காமல், நடப்பதற்கு என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. ஆகஸ்டில்கூடக் கார்ன்வால் கடல்நீர் 17 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆனால் பாறை முகடுகளின் விளிம்பில் செல்லும் நடைபாதைகளுக்கு ஈடு சொல்வது கடினம்: மைன்ஹெட்டில் தொடங்கிக் கார்ன்வாலைச் சுற்றிப் பூல் துறைமுகம் வரை செல்லும் தென்மேற்குக் கடலோரப் பாதையின் நீளம் 630 மைல், வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை 186 மைல். அவற்றில் ஐந்து மைல் நடந்தாலே போதும். கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற குன்றுத் தீவுக்கு, கடல் வற்றும் வேளையில் கல்பாவிய பாதை வழியே நடந்தே போகலாம். ஏற்றவற்று நேர அட்டவணையைப் பார்த்துச் செல்லாவிட்டால் திரும்பி வரும்போது படகுக்குக் காசு கொடுக்க நேரிடும். லண்டனிலிருந்து ஒரே நாளில் சென்றுவர விரும்புவோருக்குச் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகள் போதும். விளிம்பருகே நின்று படமெடுக்காதீர்கள். அந்தப் பாறை முன்னறிவிப்பின்றிச் சரியும்.

எங்களுக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது தென் ஐரோப்பாவுக்குப் போகலாமா?

தாழ்நிலங்களுக்குப் போக வேண்டாம் என்பதே என் பதில். சிசிலியில் சிராகூசா அருகே 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி வெப்பம் பதிவாகி, ஐரோப்பாவின் உச்ச அளவாக உலக வானிலை அமைப்பால் ஏற்கப்பட்டது. 2023 ஜூலையில் வெப்பத்தால் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை நண்பகல் வேளைகளில் மூடினார்கள். அதே மாதம் ரோட்ஸ் தீவின் காட்டுத்தீயிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்றினார்கள். வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைப்பது இங்கே உதவாது. நிழலில்லாத கற்படிகளில் நாள் முழுவதும் ஏறி இறங்குவது யாருக்கும் விடுமுறையாக இராது.

ஆனால் தென் ஐரோப்பா என்றால் கடற்கரை மட்டும்தானா? வட இத்தாலியின் டொலமைட்ஸ் மலைகளுக்கு ஜூலை, ஆகஸ்டு நல்ல காலம். பகலில் இதமான வெயில், இரவில் மேற்சட்டை தேவைப்படும் குளிர், பிற்பகலில் சில நாள் இடிமழை. ஒர்ட்டிசேய் என்ற சிற்றூரில் தங்கி, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறினால் ஆல்ப்பெ தி சியூசி என்ற பரந்த மேட்டுப் புல்வெளியில் இறங்கலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய மலைப் புல்வெளி என்று அதைச் சொல்கிறார்கள். சூரியன் சாயும்போது எதிரே உள்ள வெளிறிய சுண்ணப் பாறைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, கடைசியில் சாம்பலாகின்றன. உள்ளூர் லதீன் மொழியில் இதற்கு என்ரோசதீரா என்று தனிப் பெயரே உண்டு. பல விடுதிகள் தங்குபவர்களுக்கு அப்பகுதிப் பேருந்துகளில் இலவசமாகச் செல்லும் அட்டையைத் தருகின்றன. அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

வட ஸ்பெயினின் பீக்கோஸ் தெ யுரோப்பா மலைகளும், ஸ்லோவேனியாவின் போஹின் ஏரியும், அட்லாண்டிக்கில் உள்ள போர்ச்சுகல் தீவான மதெய்ராவும் இதே மாதங்களுக்கு ஏற்றவை. மதெய்ராவில் 15ஆம் நூற்றாண்டு முதல் வெட்டப்பட்ட லெவாதா என்னும் பாசனக் கால்வாய்கள் மலையிடுப்பைச் சுற்றி ஓடுகின்றன. அவற்றின் கரையே நடைபாதை. தண்ணீர் மெல்லச் சரிந்து ஓடும்படி வெட்டப்பட்டதால், கால்வாயை ஒட்டி நடக்கும்போது பெரிய ஏற்றமே இராது. சில இடங்களில் ஒரு பக்கம் செங்குத்துப் பள்ளம் என்பதால் உயரத்துக்கு அஞ்சுவோர் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமால்ஃபி கடற்கரையா, சிங்க்வே தெர்ரேயா?

இரண்டும் இத்தாலியின் கடலோரப் பகுதிகள், 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை; இரண்டும் செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள்; இரண்டிலும் கூட்டம் அதிகம். ரயிலில் எளிதாகச் சுற்ற வேண்டும் என்றால் சிங்க்வே தெர்ரே. ஐந்து ஊர்களுக்கும் ஒரே ரயில்பாதை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிடங்கள்தான். ஐந்தில் கொர்னீலியா மட்டும் கடல்மட்டத்தில் இல்லாமல் குன்றின் மேல் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற 370க்கு மேற்பட்ட படிகள். சிறு பேருந்து ஒன்று உண்டு என்பதை அறியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் திராட்சைக் கொடிகளும் கடலும் தெரிந்தன என்றாலும், அன்று எனக்கு அவற்றைப் பார்க்க மூச்சில்லை. ஐந்து ஊர்களுக்குள் தங்காமல் பக்கத்து ஊரான லெவான்த்தோவில் தங்கினால் செலவும் குறையும், காலை முதல் ரயிலில் கூட்டத்துக்கு முன்பே போய்விடலாம்.

அமால்ஃபியின் நிலக்காட்சி இன்னும் பிரமாண்டமானது. எலுமிச்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக மலையேறும். ஆனால் ஒற்றைச் சாலைதான், பேருந்தும் காரும் அதில்தான் நெளிய வேண்டும். பொசித்தானோவில் தங்கும் செலவைக் கேட்டு மலைப்பவர்கள் சலேர்னோ நகரில் தங்கலாம். ரோமிலிருந்து நேரடி ரயில் வரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கிருந்து படகில் சென்றால் வளைவுச் சாலையின் தலைசுற்றலும் இல்லை. சொல்லப்போனால், அந்தக் கடற்கரையின் முகம் கடலிலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

சாந்தோரினி பெயருக்கேற்ற இடம்தானா?

கிரேக்கத் தீவான சாந்தோரினியின் நிலத்தோற்றம் பெயருக்கேற்றதுதான். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலை வெடிப்பில் நடுப்பகுதி சரிந்து கடல் புகுந்த பெருங்குழியின் விளிம்பில்தான் அந்த வெள்ளை வீடுகள் இருக்கின்றன. ஆனால் ஓயா கிராமத்தில் அந்தி பார்க்கப் பிற்பகலிலிருந்தே சுவரோரம் இடம்பிடித்து நிற்பது எனக்கு உவப்பாக இல்லை. ஒரு நாள் அங்கே இருந்துவிட்டு நாக்ஸோஸ் தீவுக்குக் கப்பலேறிவிடலாம். தண்ணீரும் வயல்களும் நீண்ட மணற்கரைகளும் உள்ள தீவு அது. கிரேக்கத்தில் தீவே வேண்டாம் என்பவர்களுக்கு மெத்தேயோரா இருக்கிறது: தூண்போல் நிற்கும் பாறைகளின் உச்சியில் இன்றும் துறவிகள் வாழும் ஆறு மடங்கள். பெண்கள் முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடை அணிய வேண்டும். மடங்கள் வாரத்தில் வெவ்வேறு நாள்களில் மூடியிருக்கும்.

கூட்டம் குறைந்த, அதிகம் பேசப்படாத ஓரிடம் சொல்ல முடியுமா?

போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கு. போர்ட்டோவில் உள்ள சாவ் பென்த்து நிலையத்தின் நீலநிற ஓட்டுச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, கிழக்கே செல்லும் ரயிலில் வலப்பக்கச் சன்னலருகே உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் புறநகர் வீடுகளும் யூக்கலிப்டஸ் மரங்களும்தான்; தவறான ரயிலில் ஏறிவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். பிறகு சட்டென்று ஆறு வலப்பக்கம் வந்து சேரும். அதன்பின் பின்யாவ் ஊர் வரை அது உங்களை விட்டு விலகாது. இருபுறமும் பலகைக்கல்லை உடைத்துக் கட்டிய படிக்கட்டு வயல்களில் திராட்சைக் கொடிகள், மலையின் வளைவுகளைக் கோடு போட்டுக் காட்டியதுபோல் வரிவரியாகச் செல்லும். செப்டம்பரில் அறுவடை நடக்கும். அக்டோபர் இறுதியில் இலைகள் செம்பு நிறமாகும். ஆகஸ்டில் மட்டும் பள்ளத்தாக்கு அடுப்பாகக் கொதிக்கும்.

கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

ஹைலண்ட்ஸ், பீக்கோஸ், நாக்ஸோஸ் ஆகியவற்றுக்கு எடுப்பது நல்லது. மேலே சொன்ன மற்ற இடங்களுக்குத் தேவையில்லை. பிரிட்டனில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். இந்திய உரிமத்தைக் கொண்டு 12 மாதங்கள் வரை ஓட்டலாம். ஹைலண்ட்ஸின் ஒற்றைத்தடச் சாலைகளில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக அமைத்த ஒதுக்கிடங்களில் படமெடுக்க நிறுத்துவது அங்குள்ளவர்களைக் கோபப்படுத்தும். இத்தாலியில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். பழைய நகர மையங்கள் பலவற்றில் வெளியூர் வண்டிகளுக்குத் தடை. கேமரா படம்பிடித்து, அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக வந்து சேரும்.

ஒரே விசாவில் இரண்டு பகுதிகளையும் பார்க்கலாமா?

முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், ஸ்லோவேனியா ஆகியவற்றுக்கு ஒரே ஷெங்கன் விசா. லண்டனில் வேலை செய்துகொண்டு இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். பிரிட்டன் வதிவிட உரிமை அதற்கு ஈடாகாது. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம்; குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

பயண வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. ரோம், லண்டன், ஏதென்ஸ் என்று சென்றால் ஷெங்கன் பகுதிக்குள் இருமுறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா கிடைத்திருந்தால் ஏதென்ஸில் இறங்க முடியாது. பிரிட்டனை முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்ல எது ஏற்றது?

பொசித்தானோ, ஓயா, கொர்னீலியா மூன்றும் வேண்டவே வேண்டாம். ஏரிகளை நாடுங்கள். விண்டர்மியரில் படகுச் சவாரி. வேல்ஸில் 1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் மலைக்கு 1896 முதல் ஓடும் சிறு ரயில். இத்தாலியின் கார்தா ஏரியில் மல்செசினே ஊரிலிருந்து மோந்த்தே பால்தோ முகட்டுக்குச் செல்லும், தானே சுழன்று நாற்புறமும் காட்டும் கம்பிவட ஊர்தி. விடுதி பதிவு செய்யும்போது மின்தூக்கி உண்டா என்பதோடு நிறுத்தாமல், வாசலிலிருந்து மின்தூக்கி வரை எத்தனை படிகள் என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்களில் அந்த ஐந்தாறு படிகள்தான் பெரும்பாடு.

சைவ உணவு கிடைக்குமா?

பிரிட்டனில் கவலையே இல்லை. சிற்றூர் மதுக்கூடத்தின் உணவுப் பட்டியலில்கூடச் சைவ உணவுக்கு அடையாளம் இட்டிருப்பார்கள். இத்தாலியில் எளிது, ஆனால் பார்மிசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுவது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில், நோன்பு உணவு என்று பொருள்படும் நிஸ்தீசிமோ என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டால் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத உணவு வரும். ஆனால் நோன்பில் கணவாயும் இறாலும் அனுமதி என்பதால் அவை வேண்டாம் என்று தனியே சொல்லிவிடுங்கள். ஸ்பெயினில்தான் விழிப்பு தேவை. காய்கறி ரொட்டி என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கிப் பிரித்தால் உள்ளே சூரைமீன் இருக்கலாம். போர்ச்சுகலின் பச்சைக் கீரைச் சூப்பில் வழக்கமாக ஒரு துண்டுப் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும்.

பத்து நாள் விடுமுறையை எப்படிப் பிரிப்பது?

இரண்டு பகுதி, அதற்கு மேல் வேண்டாம். பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களில் பலர் பத்து நாளில் ஆறு ஊர் எழுதியிருப்பார்கள். அவர்கள் ஐந்து முறை பெட்டி கட்டி, ஐந்து முறை அறைச் சாவிக்குக் காத்திருப்பார்கள். செப்டம்பர் என்றால் கெஸ்விக்கில் நான்கு இரவு, மான்செஸ்டரிலிருந்து போர்ட்டோவுக்கு நேரடி விமானம், போர்ட்டோவில் இரண்டு இரவு, பின்யாவில் மூன்று இரவு என்று பிரிக்கலாம். பின்யாவ் மிகச் சிறிய ஊர். அறுவடைக் காலத்தில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், விமானச் சீட்டுக்கு முன் அந்த மூன்று இரவை உறுதி செய்துகொள்ளுங்கள்.